தொலியோடு தின்ற பயறு

பூதப்பாண்டி சொர்ணம்மாளுக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. தெரியாததையும் தெரியும் என்று சொல்லிவிட்டால் தெரிந்த கணக்குதானே. மகன் வாங்கிக் கொடுத்த கரண்ட் கெட்டிலைக் கேஸ் அடுப்பில் ஏற்றி அடியை உருக்கியபோதுகூட, தரமில்லாத சாமான் என்று கடைக்காரனைத்தான் திட்டினாள். இது எப்படி என்று யாரிடமும் அவள் வாய்விட்டுக் கேட்டதில்லை. யாரையும் பாராட்டியதும் இல்லை. முகம் சுளிக்கவே நேரம் போதவில்லை, பாவம்.

அந்தச் சுளிப்புக்குப் பலியானவன் அவளுடைய ஒரே மகன் சுயம்புராஜ். சொந்தமாக உரக்கடை வைத்திருக்கிறான், கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை. முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் மட்டும் ஆகவில்லை. பேச்சிப்பாறைப் பெண் சிரித்த சத்தம் வாசல்வரை கேட்டதாம். இன்னொரு வீட்டில் காப்பி ஆறிப்போயிருந்தது. ஆறின காப்பி கொடுக்கிறவள் நாளைக்கு மாமியாருக்குக் கஞ்சி ஊற்றுவாளா? பெண் பார்த்துத் திரும்பும்போதெல்லாம் காரில் தீர்ப்புச் சொல்லிவிட்டு, "இல்லியா மக்கா?" என்பாள். அவன் "ஆமாம்மா" என்பான். அதைச் சொல்லிச் சொல்லியே காதோரம் நரைத்துவிட்டது. தரகரும் போன் எடுப்பதில்லை.

இந்த முறை பெண்ணைக் கண்டுபிடித்தது சுயம்புராஜே. தோவாளையில் பூ விவசாயம் செய்யும் குமாரதாஸ் அவனுடைய கடையில்தான் உரம் எடுப்பார். கூட வரும் மகள் சுபிதாவை அவனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அதை அம்மாவிடம் சொல்லத் தைரியம் வருவதற்குள் இரண்டு பூ சீசன் போய்விட்டது.

குமாரதாஸ் வீட்டில் முந்திரிக்கொத்தையும் ஏத்தங்காய் சிப்ஸையும் எதிர்பார்த்து உட்கார்ந்த சொர்ணம்மாளின் முன்னால், அவித்த பச்சைக் காய் ஒரு தட்டு நிறைய வந்தது. மேலே கொஞ்சம் உப்பு தூவியிருந்தது.

"எடமாமே மாமி. முத்தாத சோயா பயறு," என்றாள் சுபிதா. நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன் அவள். "அப்பாக்கு சுகர் உண்டு. சாயங்காலம் வடைக்குப் பதிலா எங்க வீட்டுல டெய்லி இதுதான். புரோட்டீன் உண்டு, நார்ச்சத்து உண்டு. நாங்க தின்னுததையே உங்களுக்கும் வச்சோம்."

மாப்பிள்ளை வீட்டாருக்கு நோயாளித் தீனி. மாட்டுக்குப் போட்டால் மாடுகூட முறைக்கும். சொர்ணம்மாள் மனசுக்குள் அந்தக் குடும்பத்தையே தோவாளைக் குளத்தில் முக்கி எடுத்தாள்.

"கொஞ்சம் வாயில போட்டுப் பாருங்க," என்றார் குமாரதாஸ்.

"இதெல்லாம் நாங்க எப்பவோ தின்னு சலிச்சாச்சு," என்று சொல்லிக்கொண்டே ஒரு காயை எடுத்தாள். பயத்தங்காயைத் தொலியோடு நறுக்கித் தேங்காய் போட்டுத் துவரன் வைத்தே பழகின கை அது. காயை முழுசாக வாய்க்குள் போட்டாள். அம்மாவைப் பார்த்து மகனும் இரண்டைப் போட்டுக்கொண்டான்.

பயறு கரைந்தது. தொலி மட்டும் மெல்ல மெல்லக் கயிறாகத் திரண்டது. துப்பினால் மானம் போய்விடும். விழுங்கவும் முடியவில்லை.

சுபிதா சிரிக்கவில்லை. "மாமி, தொலியைத் திங்காண்டாம். பல்லுல வச்சு இழுத்தா உள்ள இருக்க பயறு வந்துரும். தொலியைத் தட்டுல போட்டுருங்க."

சொர்ணம்மாள் கண்ணில் நீர் முட்ட அதை விழுங்கினாள். உண்மையிலேயே விழுங்கினாள்.

"தெரியும்ட்டி. எங்க வீட்டுல தொலியோடதான் தின்னுவோம். சத்தெல்லாம் அதுலல்லா இருக்கு. இல்லியா மக்கா?"

எல்லோரும் சுயம்புராஜைப் பார்த்தார்கள். அவனுடைய இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. தலையை மட்டும் ஆட்டியிருந்தால் போதும், இந்தப் பெண்ணும் போயிருப்பாள். அவன் குனிந்து, சவைத்த தொலியைக் கையில் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

"எனக்குத் தெரியாது," என்றான் சுபிதாவிடம். "எப்படின்னு ஒருக்கா காட்டித் தாரியளா?"

அவள் ஒரு காயை எடுத்து இழுத்துக் காட்டினாள். அவனும் செய்து பார்த்தான். பயறு வழுக்கிக்கொண்டு வாய்க்குள் விழுந்தது. நன்றாக இருந்தது. இன்னொன்று எடுத்தான்.

சொர்ணம்மாள் எழுந்து முந்தானையை உதறிச் செருகினாள். "வா மக்கா, போலாம். நேரமாச்சு."

அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"நீ போய் வண்டியில இரும்மா. நான் தின்னுட்டு வாரேன்."