முகமூடிக்காரன் பெண்சாதி

எனக்கு எழுத்து அதிகம் வராது. சங்கரன்கோவில் தெருக்களில் கொட்டடித்துக்கொண்டு போகும் மாட்டுவண்டியிலிருந்து சினிமா நோட்டீஸ் வீசுவார்கள். அதை எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்துத்தான் இவ்வளவாவது வந்தது. ஆனால் பார்த்த படம் எதுவும் எனக்கு மறக்காது. அதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது.

குருவிகுளம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் அந்த முகமூடிப் படம் வந்தது. அப்போது இருந்தது டெண்டுக் கொட்டகைதான். கரிசல் மண்ணில் உட்கார்ந்தால் சேலை பாழாகும் என்று ஆற்று மணலைக் கொட்டி நிரப்பியிருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் இடுப்பளவு மண்சுவர். சாயங்கால ஆட்டத்துக்கு நானும் அத்தையும் போனோம். அத்தை என்றால் என் மாமியார். அவர்களுக்கு சினிமா என்றால் ஆகாது. என்னைத் தனியாக அனுப்பக்கூடாதே என்று வந்தார்கள். என் வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

ராஜாவின் சேனாதிபதி குடியானவர்களைப் போட்டு வதைப்பான். உடனே கறுப்புத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் குதிரையில் வருவான். கத்தியோடு கத்தி உரசினால் பொறி பறக்கும். அவன் தலை தெரிந்தால் போதும், ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. நாங்கள் குலவை போட்டோம். கோயில் கொடை விழாவுக்குப் போடுகிற அதே குலவைதான். முதல் குலவை என்னுடையது.

அரண்மனையில் ஒரு சமையல்காரன். கடுகு வெடித்தாலே பயந்து ஒதுங்குகிற ஆள். காயம்பட்ட முகமூடிக்காரனுக்கு அந்தச் சமையல்காரன் பெண்சாதி கட்டுப் போட்டாள் என்று கேள்விப்பட்டு, சேனாதிபதி அவளைத் தூணில் கட்டிவிட்டான். “அவன் யார்? பெயரைச் சொல்!” என்று சாட்டையை ஓங்கினான். அவள் வாயே திறக்கவில்லை.

அந்த இடத்தில் விளக்கைப் போட்டுவிட்டார்கள். கொட்டகையில் இருந்தது ஒரே மிஷின். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் படத்தை நிறுத்தித்தான் அடுத்ததை மாட்டுவார்கள். அதற்குள் பேச்சு கிளம்பிவிடும்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் அண்ணாச்சி சொன்னார்: “மூஞ்சியே தெரியாதவன் பேரை அவ எங்கனவே சொல்லுவா?”

எனக்குப் பொறுக்கவில்லை. அத்தையிடம்தான் சொன்னேன், ஆனால் நாலு வரிசைக்குக் கேட்டுவிட்டது.

“அது அவ புருசன்தான் அத்தை. அதான் பேரைச் சொல்ல மாட்டுக்கா.”

பெண்கள் பக்கம் நாலைந்து தலை ஆமாம் என்று ஆடியது. புருஷன் பெயரை எந்தப் பெண் வாயால் சொல்லுவாள்? எங்களில் ஒருத்தியும் சொன்னதில்லை. ஆனால் ஆண்கள் சிரித்தார்கள். அத்தைக்கு அவமானமாகப் போய்விட்டது.

“கடுகுக்குப் பயப்படுதவனா கத்தி சுத்துதான்? ஏட்டி, நீ சொன்னது சரின்னா படம் மாத்தும்போதெல்லாம் நானே உன்னைக் கூட்டிட்டு வாரேன். தப்புன்னா இந்தக் கொட்டகைப் பக்கம் நீ தலை வச்சுப் படுக்கக் கூடாது.”

அத்தை சொன்னால் சொன்னதுதான். சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். நான் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரும் வீட்டில் குரல் உயர்த்தாதவர்தான். வரப்புத் தகராறு என்று வந்தால் ஒற்றை ஆளாக நின்று பேசுகிறவர். சமையல்காரன் அடுப்படியில் நடுங்குவதை மட்டும் பார்த்து அவனை எப்படி எடைபோட முடியும்?

அடுத்த ரீலில் முகமூடிக்காரன் அவளை விடுவிக்க வந்தான். ஆறு பேரோடு சண்டை. அவனுக்குப் பின்னால் சேனாதிபதி கத்தியை ஓங்க, அவள் “அத்தான்!” என்று அலறினாள். நான் எழுந்து நின்றே குலவை போட்டேன். பார்த்தால் மறுபடியும் விளக்கு.

“அக்கா புருசனும் அத்தான்தானவே,” என்றார் அதே அண்ணாச்சி. அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் ஒன்றும் ஓடாவிட்டாலும்.

கடைசி ரீலில் முகமூடிக்காரன் சேனாதிபதியைக் கீழே தள்ளி, நெஞ்சில் கால் வைத்து, கறுப்புத் துணியை அவிழ்த்தான். சமையல்காரனேதான். பெண்கள் பக்கம் எழுந்த குலவையில் கொட்டகைத் துணியே ஆடியது மாதிரி இருந்தது. அத்தை மட்டும் சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

படம் மாற்றும் நாள் வந்தது. கொட்டுச் சத்தம் கேட்டதும் அத்தையே வாசலுக்குப் போய் நோட்டீஸை வாங்கி வந்து என்னிடம் நீட்டினார்கள்.

“ஏட்டி, இதுல முகமூடி உண்டுமா?”

எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். மாமியார் மருமகள் கதை, குடும்பச் சித்திரம் என்று போட்டிருந்தது. சொன்னேன்.

“அதை நம்ம வீட்டுலேயே பாத்துக்கிடலாமே,” என்றார்கள். சொல்லிவிட்டு, தலையை அள்ளி முடிந்துகொண்டு கொட்டகையைப் பார்த்து எனக்கு முன்னால் நடந்தார்கள்.