அக்கா போர்வையில் பூஞ்சை

இறந்துபோன அக்காவின் சுடிதார்களை வெட்டி அம்மா கையாலேயே தைத்த போர்வை அது. பூஞ்சை பிடித்ததும் யூடியூப் பார்த்து வினிகர் தடவி, மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டேன். கறை போனது. அடுத்த வாரமே அதே இடத்தில் திரும்ப வந்தது.

பீரோவைத் திறந்தேன். மடித்த போர்வையின் மேல் மண் குவளை நிறையத் தண்ணீர். அடியில் கசிந்து துணியெல்லாம் ஈரம்.

"என்னம்மா இது?"

"அக்காவுக்குடா. தெனம் பாதியக் குடிச்சிட்டுப் போயிர்றா."

பெரிய புத்திசாலி நான், குவளையை எடுத்துவிட்டு எவர்சில்வர் டம்ளரை வைத்தேன். மறுநாள் அம்மா டம்ளரையே பார்த்தபடி நின்றாள்.

"அம்புட்டுத் தண்ணியும் அப்படியே இருக்கே. அக்கா வரலையாடா?"

இப்போது போர்வையில் கறையே இல்லை. தினமும் அம்மா எழும்முன் பாதித் தண்ணீரை நான்தான் குடிக்கிறேன். குடிக்கும்போது பின்னால் திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.