மின்தடை நாளில் நான் அனுப்பிய செய்தி

இரண்டு வருடத்துக்கு முன்பு, அம்பை என்கிற எங்கள் அம்பாசமுத்திரத்தில் மாதாந்திர மின்தடை நாள் ஒன்றில் நடந்தது இது. காலை ஒன்பதுக்குப் போகும் கரண்ட் மதியத்துக்கு மேல்தான் வரும். வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கும் எனக்கு அந்த நாட்களில் ஒரு பழக்கம் உண்டு. கரண்ட் போவதற்கு முன்னால், செய்த வேலை அரைகுறையாக இருந்தாலும் சரி, இணையத்தில் எங்கள் நிரல்களைச் சேர்த்துவைக்கும் களஞ்சியத்துக்கு அனுப்பிவிடுவேன். பழைய லேப்டாப்பை நம்பி ஒரு முறை இரண்டு நாள் உழைப்பைத் தொலைத்தவள் நான்.

அப்போது திருநெல்வேலியில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்குச் செயலி செய்து கொடுத்திருந்தோம். யாருக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு என்று நோயாளிகளின் போனுக்கு அது செய்தி அனுப்பும். முந்தைய நாள்தான் அதற்கு ‘வெப்ஹூக்’ அமைத்திருந்தேன். களஞ்சியத்தில் புதிதாக ஏதாவது வந்து விழுந்தால், அது தானாகவே ஒரு சர்வருக்குத் தகவல் சொல்லும். அந்த சர்வர், நிரலையும் அது ஓடத் தேவையான சகலத்தையும் ஒரே பொதியாகக் கட்டும். கன்டெய்னர் இமேஜ் என்போம். கட்டி முடித்ததும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஓடவிடும். மனிதக் கை படவே வேண்டாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முடிந்த வேலை வந்தால் மட்டும் கட்டு என்று ஒரு நிபந்தனை போட்டிருக்க வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

அன்று என் கையில் இருந்த அரைகுறை, மெஷின் பழுதானால் ‘இன்று டயாலிசிஸ் இல்லை’ என்று தெரிவிக்கும் பகுதி. சோதித்துப் பார்க்க அன்றைய தேதியையும் மதிய ஷிப்டையும் போட்டிருந்தேன். வழக்கம்போல களஞ்சியத்துக்கு அனுப்பினேன். கரண்ட் போனது. தோசை ஊற்றப் போய்விட்டேன்.

ஒன்பதரைக்கு மையத்தின் நர்ஸ் அழைத்தார். “மேடம், மதிய ஷிப்ட் ஆட்களுக்கெல்லாம் இன்னைக்கு இல்லைன்னு மெசேஜ் போயிருக்கு. யார் அனுப்புனது?”

அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை. போன் இணையத்தை வைத்து, பழைய பொதியையே மறுபடி ஓடவிட்டேன். ஆனால் போன செய்தியைத் திரும்பப் பிடிக்க வழியில்லை. நர்ஸ் ஒவ்வொருவராக அழைத்துப் பேசினார். ஆழ்வார்குறிச்சியிலிருந்து வரும் ஓர் அக்கா மட்டும் போனை எடுக்கவில்லை.

“போன முறையே சொந்தத்துல ஒரு சாவுன்னு துட்டி வீட்டுக்குப் போய் டயாலிசிஸை விட்டுட்டாங்க. உடம்பெல்லாம் நீர் கோத்திருக்கும். இன்னைக்கும் விட்டா ராத்திரிக்குள்ள மூச்சு முட்டிரும்,” என்றார் நர்ஸ். “நீங்க அம்பைதான? அங்கனதான் பஸ் மாறுவாங்க. இடது கையில முழங்கை வரைக்கும் துணி சுத்திருப்பாங்க.”

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பறந்தேன். அதுவரை அவர் எனக்குப் பட்டியலில் ஒரு வரி, அவ்வளவுதான். நடைமேடையெங்கும் பெண்களின் இடது கைகளையே பார்த்துக்கொண்டு அலைந்தேன். யாருமில்லை. அப்போதுதான் ஆழ்வார்குறிச்சி வழியாகப் போகும் தென்காசி பஸ் கிளம்பிப் போயிருந்தது. செய்தியைப் பார்த்துவிட்டு அதில் ஊருக்குத் திரும்பியிருப்பார் என்று துரத்தினேன். ரயில்வே கேட் மூடியிருந்ததால் பிழைத்தேன். வரிசையில் நின்ற பஸ்ஸில் ஏறி, வெட்கத்தை விட்டு, “டயாலிசிஸுக்குப் போறவங்க யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டேன்.

ஜன்னலோரத்தில் இருந்தவர் திரும்பினார். நாற்பது வயது இருக்கும். முகம் உப்பியிருந்தது. “இன்னைக்குக் கிடையாதுன்னுல்லா மெசேஜ் வந்திச்சு?”

“தப்பா வந்துட்டுக்கா. வாங்க, போகணும்.”

அவர் உடனே எழவில்லை. “ஒருநாள் ஊசி இல்லைன்னு சந்தோசமா வீட்டுக்குப் போய்க்கிட்டிருந்தேன்,” என்றார். பிறகு மெல்ல எழுந்து பையை எடுத்துக்கொண்டார். அவரைத் தனியாக அனுப்ப மனம் கேட்கவில்லை. பஸ் நிலையம்வரை அவரை ஏற்றிவந்து, ஸ்கூட்டரை அங்கேயே போட்டுவிட்டு நானும் திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினேன்.

வீரவநல்லூர் தாண்டியும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் மணி பார்த்தேன்.

“ஆஸ்பத்திரியிலயா வேலை பாக்குத?” என்று கேட்டார்.

“இல்லக்கா. அந்த மெசேஜ் போனதே என்னாலதான்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். அவர் கைத்துணியை அவிழ்த்தார். டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்து இணைத்த நரம்பு, ஊசி போட்டுப் போட்டுப் புடைத்து வளைந்திருந்தது. “இங்கன தொட்டுப் பாரு.”

தொட்டேன். தோலுக்கு அடியில், சத்தம் அடக்கிய போன் அதிர்வதுபோல, விடாமல் ஓர் அதிர்வு.

“ரத்தம் ஓடுது. இது நின்னுட்டா எனக்கு டயாலிசிஸ் செய்ய முடியாது. அதனால தெனமும் எந்திச்சதும் மொதல்ல இதைத்தான் தொட்டுப் பாப்பேன். தானா ஓடுதுன்னு சும்மா விட முடியுமா?”

பதினொன்றேமுக்காலுக்கு அவரை மெஷினில் படுக்கவைத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போதும் வெப்ஹூக் இருக்கிறது, பொதி தானாகவே கட்டப்படுகிறது. ஆனால் அது மையத்துக்குப் போவதற்கு முன் ஒரு ஆள் பார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று வைத்திருக்கிறேன். இதெல்லாம் எதற்கு என்று புதிதாக வேலைக்கு வருபவர்கள் சலித்துக்கொள்வார்கள். நான் விளக்கம் சொல்வதில்லை. ஆனால் ஒவ்வொரு முறை அந்தப் பொத்தானில் விரல் வைக்கும்போதும், அந்த அக்காவின் கையில் ஓடிய அதிர்வு என் விரல்நுனியில் தெரிகிறது.