வெந்நீர் உண்டு, அத்துடன் அட்டையும் உண்டு

என் அக்காவின் கணவர் கொழும்பில் பல வருஷம் வேன் ஓட்டிவிட்டு அக்கரப்பத்தனைக்குத் திரும்பி வந்து, வீட்டோடு ஒட்டினாற்போல் இரண்டு அறைகள் கட்டினார். வேனில் ஏறிய வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் மலைக்குப் போகத்தான் ஆசைப்பட்டார்களாம். மலையிலேயே வீடு வைத்திருக்கிற நான் ஏன் அவர்களைக் கொண்டுபோய் இன்னொருத்தன் வாசலில் இறக்கிவிட வேண்டும் என்று அவருக்கு ஒருநாள் தோன்றிவிட்டது. அறை ஜன்னலைத் திறந்தால் தேயிலை, அதற்கு மேலே காடு, அதற்கும் மேலே மேகம். இங்கிலீஷ் மட்டும்தான் குறை. அதற்கு, ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் ஆசிரியையாக இருக்கும் மச்சினி நான் இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை அங்கே போனபோது, அறையைப் பற்றித் தானே எழுதி இணையத்தில் போட்டிருந்ததை அத்தான் போனில் காட்டினார். 'ரூம் ஹேஸ் பெட் ஆல்சோ விண்டோ ஆல்சோ ஹாட் வாட்டர் ஆல்சோ வியூ ஆல்சோ டாக் ஆல்சோ' என்று எங்கேயும் நிற்காமல் ஓடியது.

எனக்குச் சிரிப்பு வந்தாலும் அதில் இருந்த நியாயம் புரிந்தது. கட்டிலும் ஜன்னலும் வெந்நீரும் நாயும் என்று தமிழில் ஒவ்வொன்றுக்கும் ஓர் 'உம்' போட்டால் எல்லாம் சேர்ந்துவிடும். மனுஷன் அந்த 'உம்'மை ஒன்றுவிடாமல் ஆல்சோ ஆக்கியிருந்தார்.

"என்ன அத்தான், எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு ஆல்சோ?"

"எல்லாமே இருக்குதானே டீச்சரம்மா. கட்டிலுக்குப் போட்டுட்டு நாய்க்குப் போடாம வுட்டா எப்படி?"

அக்கா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அடுப்படியிலேயே பாடம் தொடங்கியது. பொருள்களை வரிசையாகச் சொன்னால் நடுவில் கமா போட வேண்டும், கடைசிப் பொருளுக்கு முன்னால் 'அண்ட்' வர வேண்டும் என்றேன். இரண்டு முழு வாக்கியங்களை 'அண்ட்' போட்டு இணைத்தால் அந்த 'அண்ட்'டுக்கு முன்னால் ஒரு கமா. ஒரு வாக்கியத்தை முற்றுப்புள்ளி வைத்து முடித்துவிட்டு மேலும் ஒரு செய்தி சொல்ல வேண்டுமானால், அடுத்த வாக்கியத்தின் தலையில் 'இன் அடிஷன்' போட்டு, உடனே ஒரு கமா. 'அத்துடன்' என்று நாம் சொல்வதுபோல.

அத்தானுக்கு 'இன் அடிஷன்' பிடித்துப்போனது. ஆல்சோவைவிட அதில் ஒரு மரியாதை இருக்கிறதாம். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அவர் எழுதிய வாக்கியங்களில் ஒரு பிழையும் இல்லை. ஒன்றைத் தவிர.

'தேர் இஸ் ஹாட் வாட்டர். இன் அடிஷன், தேர் ஆர் லீச்சஸ்.'

வெந்நீர் உண்டு, அத்துடன் அட்டையும் உண்டு.

"அத்தான், வெந்நீர் நல்ல விஷயம். அட்டை கெட்ட விஷயம். நல்லதோட நல்லதத்தான் இன் அடிஷன் போட்டுச் சேர்க்கணும். இதுக்கு ஹவ்எவர் போடுங்க. ஆனாலும்னு அர்த்தம்."

"அட்ட இருக்குன்னு சொல்லாம வுட்டா பொய்யாப் போயிரும். ஆனாலும்னு போட்டா ஒருத்தனும் வரமாட்டான். அத்துடன்னு போட்டாத்தான், நாம அட்டையையும் சேத்துக் குடுக்குறோம்னு நெனப்பான்."

"யாராச்சும் அட்டைக்காக வருவாங்களா?"

"வியூக்காக வர்றவன் எதுக்கு வேணும்னாலும் வருவான்."

இலக்கணப்படி அவருடைய கமா சரியான இடத்தில் இருந்தது. விட்டுவிட்டேன்.

அடுத்து அந்த வாக்கியத்தைப் பெரிய பலகையில் எழுதி ரோட்டோரம் வைக்கப் போகிறேன் என்றார். எழுத வந்தவர் டவுனில் கடைப்பலகை எழுதுகிற சிங்கள ஆள். அவர் கை சிங்கள எழுத்துக்குப் பழகிய கை, எல்லாவற்றையும் வட்டமாகத்தான் போடும். இங்கிலீஷ் எழுத்துகளை எப்படியோ நிமிர்த்தி எழுதிவிட்டார். கமாவுக்கு வந்ததும் கை தன் இஷ்டத்துக்குப் போய், கறுப்பாய், வயிறு பெருத்து, வால் வளைந்து ஒன்று விழுந்தது. கொஞ்சம் சின்னதாகப் போடலாமே என்று நான் சிங்களத்தில் கேட்டதற்கு, "ஹரி ஹரி மிஸ்", சரி சரி என்று சொல்லிவிட்டு அதற்கு இன்னொரு பூச்சுப் பூசினார்.

மறுநாள் காலையில் வாசலில் சத்தம் கேட்டு ஓடினோம். பக்கத்து வீட்டு அக்கா பெரட்டுக்குப் போகிற வழி. காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்குப் போகும்போதே, மலையில் அட்டை கடிக்காமல் இருக்க உப்பும் சவுக்காரமும் சேர்த்துக் கட்டிய துணிமுடிச்சு ஒன்று எப்போதும் அவர் கையில் இருக்கும். அந்த முடிச்சால் பலகையைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எம்மாம் பெரிய அட்ட! உப்பு வச்சும் வுழ மாட்டேங்குதே!"

"அக்கா, அது அட்ட இல்லீங்க, கமா!" என்று அத்தான் கத்தினார்.

"எந்தப் பேருல இருந்தா என்னா, ரத்தம் குடிக்கிறது குடிக்கிறதுதானே" என்று சொல்லிக்கொண்டே அவர் கடைசியாக ஓர் அழுத்து அழுத்தினார். பெயின்ட் காயவில்லை. கமா பலகையின் ஓரம்வரைக்கும் இழுபட்டது. டவுன் ஆளை மறுபடியும் கூப்பிட வேண்டியதாயிற்று. இந்த முறை அவர் போட்டது முன்னதைவிடப் பெரிது.

பலகையைப் பார்த்தோ, போனில் பார்த்தோ, ஆட்கள் வரத்தான் செய்தார்கள். ஒல்லாந்து நாட்டுத் தம்பதி ஒன்று வந்தது பங்குனி வெயிலில். அட்டை ஏறாமல் இருக்க முழங்கால்வரை இழுத்துக் கட்டுகிற துணிக்காலுறையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். பகல் முழுக்கத் தேயிலைக்குள் நடந்து, சாயந்தரம் வாடிய முகத்தோடு திரும்பினார்கள். வாரக்கணக்காக மழை இல்லை. மழை இல்லாத மலையில் அட்டைக்கு எங்கே போவது?

அந்தப் பெண் மிகவும் பணிவாகக் கேட்டார், அட்டைகள் எங்கே இருக்கின்றன என்று.

அத்தான் முகம் செத்துப்போயிற்று. என்னை அடுப்படிக்குள் இழுத்துப் போனார்.

"போர்டுல போட்டுட்டோமே டீச்சரம்மா."

"அதுக்கு என்ன அத்தான் பண்ண முடியும்? வெயில் காலம்னு சொல்லுவோம்."

"இன்னைக்கி அட்ட இல்லன்னா, நாளைக்கி வெந்நீரும் பொய்யின்னு நெனப்பாங்க. ரெண்டையும் சேத்துல்ல போட்டு வச்சிருக்கோம்."

சாரத்தை மடித்துக் கட்டினார், செருப்பைக் கழற்றினார், பள்ளத்து ஓடையை நோக்கி இறங்கினார். தனியாக விட மனமில்லாமல் நானும் பின்னால் போனேன். ஓடைக்கரையில் ஈரம் தெரிந்த இடத்தில் இரண்டு காலையும் அகற்றி வைத்து அசையாமல் நின்றார். நான் ஒரு கல்லில் உட்கார்ந்து அவருடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டப்படிப்பு முடித்தவள் நான்.

பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டுத் திரும்பிய பக்கத்து வீட்டு அக்கா எங்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்னா தம்பி, சாமிக்கு நேர்த்தியா?"

"அட்ட கடிக்கணும்க்கா."

"என்னா?"

"ஒரு அட்டையாச்சும் கடிக்கணும். ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

அவர் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "டாக்டர்ட்ட காட்டுனீங்களா டீச்சர்?"

விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு அது மேலும் குழப்பமாக இருந்தது. ஆனாலும் உதவாமல் போகிற ஆள் இல்லை. பக்கத்திலிருந்த மாட்டுப்பட்டிக்குப் பின்னால் எங்களைக் கூட்டிப்போய், அழுகிக் கிடந்த வாழை மட்டைகளைக் காலால் புரட்டிவிட்டு, "இங்க நில்லு" என்றார். அத்தான் நின்றார். கொஞ்ச நேரத்தில் நூல்போல ஒன்று தலையைத் தூக்கி, நாலு பக்கமும் ஆடிப் பார்த்து, அவர் பெருவிரலில் ஏறியது.

"வந்துருச்சு!" என்றோம் மூன்று பேரும். யாராவது கேட்டிருந்தால் பிள்ளை பிறந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அட்டை விழுந்துவிடாமல் இருக்க அந்தக் காலை மடக்காமல் இழுத்து இழுத்து மேடேறினார். நாங்கள் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்தோம். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காலை நீட்டினார். அட்டை அதற்குள் பருத்திருந்தது. அத்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "திஸ் இஸ் அவர் லீச்" என்றார். "இன் அடிஷன்" என்றார். ஒரு கணம் நிறுத்தினார். "இட் இஸ் ட்ரிங்கிங்" என்று முடித்தார்.

அந்தக் கமா என் காதில் விழுந்தது. என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட அவ்வளவு சுத்தமாக நிறுத்தியதில்லை. அந்தப் பெண் கைதட்டினார். கணவர் மண்டியிட்டுப் போட்டோ எடுத்தார். ரத்தம் வழிய வழிய அத்தான் சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா மட்டும் அடுப்படி வாசலில் நின்று, "ரத்தத்தத் தொடைக்கிறதுக்குப் பழைய துணியா எடுங்க" என்றாள்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் அவர்கள் இணையத்தில் எங்களைப் பற்றி நல்லபடியாக எழுதியிருந்தார்கள். சாப்பாடும் காட்சியும் பிடித்திருந்ததாம், குடும்பம் அன்பானதாம். இரண்டு வாக்கியங்களையும் நடுவில் ஓர் 'அண்ட்' போட்டு இணைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் கமா இல்லை. பஸ்ஸில் வரும்போது போனில் நான் அதைப் படித்தேன். கீழே அத்தான் பதில் எழுதியிருந்தார். முதலில் நன்றி. பிறகு, 'இன் அடிஷன், ப்ளீஸ் புட் எ கமா பிஃபோர் அண்ட்.'

வீட்டுக்குள் நுழையும்போதே கேட்டேன். "என்ன அத்தான் இப்படி எழுதிட்டீங்க? பாராட்டுனவங்களப் போய்த் திருத்துவாங்களா?"

"நீங்கதானே சொன்னீங்க, ரெண்டும் முழு வாக்கியம்னா கமா வரணும்னு."

"அவங்களுக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்ல அத்தான்."

"எனக்கு மட்டும் தாய்மொழியா? கால்ல ரத்தம் வரவச்சுக் காட்டுனேன், ஒரு கமா போடக்கூடாதா?"

அவரை அழிக்கவைக்க என்னால் முடியவில்லை. அக்கா போனைப் பிடுங்கினாள். அந்தப் பெண்ணின் நம்பரைத் தேடி எடுத்து, வாய்க்குப் பக்கத்தில் வைத்து, தமிழிலேயே பேசி அனுப்பிவிட்டாள்: "நல்லா இருக்கீங்களா ரெண்டு பேரும்? இவரு சும்மா வெளையாட்டுக்கு எழுதிட்டாரு, மனசுல வச்சுக்காதீங்க. இங்க மழ வந்துருச்சு. வாங்க."

ரொட்டி ஆறுவதற்குள் பதில் வந்தது. அந்தப் பெண்ணும் தன் சொந்தப் பாஷையிலேயே நீளமாகப் பேசியிருந்தார். கோபமா சந்தோஷமா என்று எங்களுக்குப் புரியவில்லை. கடைசியில் சிரித்ததுபோல இருந்தது. அத்தான் போனைக் காதோடு சேர்த்து வைத்து மறுபடி மறுபடி கேட்டார்.

"நடுவுல நடுவுல நிப்பாட்டிப் பேசுறாங்களே டீச்சரம்மா. அங்கல்லாம் கமாவா?"

"இருக்கும்" என்றேன்.