கட்டுகஸ்தோட்டைத் தேநீரும் கண்டிப் பாஸ்குப் பூசையும்

1933ஆம் வருஷம் உயிர்த்த ஞாயிறுக்கு நான் கண்டிக்குப் போனது பக்தியினால் என்று சொன்னால் என் தாயாரே நம்பமாட்டார். பெண் விஷயமாகப் போனேன். சரியாகச் சொன்னால், பெண்ணின் தகப்பனார் என்னைப் பார்ப்பதற்காகப் போனேன். அவர் பெயர் அந்தோனிப்பிள்ளை. யாழ்ப்பாணத்தவர், கண்டியில் கோர்ட்டுத் தலைமை எழுத்தராக இருந்தார். நானும் யாழ்ப்பாணத்தவன், கொழும்பில் கிளாக்கர். "உயிர்த்த ஞாயிறு விடியற்காலைப் பூசைக்கு எங்கள் கோயிலுக்கு வாரும். நன்மை வாங்கின பின் எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு" என்று தபாலட்டையில் இரண்டே வரி எழுதியிருந்தார். மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிப்பவர்கள் உண்டு, சாதகம் கேட்பவர்களும் உண்டு. இவர் கோயிலில் வைத்து ஆளைப் பார்க்கிறவர்.

கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். பூசையில் நன்மை வாங்குவது, அதாவது தேவ அப்பம் உட்கொள்வது, வெறும் வயிற்றில்தான். நடுச்சாமத்திலிருந்து ஒரு பருக்கை சோறோ ஒரு மிடறு தண்ணீரோ தொண்டையில் இறங்கக்கூடாது. மருந்துக்குக்கூட விலக்கில்லை. பாஸ்கு என்கிற உயிர்த்த ஞாயிறை ஒட்டிய நாட்களில் ஒருமுறையாவது நன்மை வாங்குவது கட்டாயம்; அதற்குப் பாஸ்குக் கடன் என்று பெயர். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கொழும்புக் கோட்டையிலிருந்து சனிக்கிழமை காலை ஏழரை வண்டியில் ஏறினேன். மூன்றாம் வகுப்பு, எழுபத்தைந்து மைல், ஒரு ரூபாய் எண்பத்தெட்டுச் சதம். அந்த வருஷம் சித்திரைப் புதுவருஷமும் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பெரிய கிழமையும் ஒரே வாரத்தில் வந்து விழுந்ததால் வண்டியில் எள் போட்டால் எண்ணெய்தான் எடுக்கவேண்டும். இறம்புக்கணை வரை நின்றேன். அங்கே மலையேற்றத்துக்காகப் பின்னால் இன்னொரு எஞ்சின் பூட்டினார்கள்; பாதிப்பேர் பழம் வாங்க இறங்கிய சமயம் பார்த்து ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். வலது பக்க ஜன்னல், எதிர்த் திசையைப் பார்த்த இருக்கை. பதினொன்று இருபதுக்குக் கண்டி. எங்கே போனாலும் நேரத்தையும் கண்டதையும் சட்டைப்பை நோட்டில் உடனுக்குடன் குறித்துக்கொள்வது என் பழக்கம். இந்தப் பழக்கத்தால் நண்பர்களிடம் நிறையக் கேலி வாங்கியிருக்கிறேன்.

பெரிய சனி சடங்குகள் காலையிலேயே முடிந்திருந்தன. புது நெருப்பு மூட்டுவதையும் தீர்த்தம் மந்திரிப்பதையும் இரண்டு நாள் ஊமையாயிருந்த மணிகள் ஒன்றாக அடிப்பதையும் பார்க்க விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமையே வந்துவிடுங்கள். நான் பின்னேரம் நாலு மணிக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மூன்று கூண்டுகள்: ஒன்று சிங்களத்துக்கு, ஒன்று இங்கிலீசுக்கு, ஒன்று தமிழுக்கு. தமிழ்க் கூண்டில் இருந்தவர் ஐரோப்பியச் சுவாமியார். தேயிலைத் தோட்டத்துக் கூலியாட்களின் லயங்களில் தமிழ் படித்தவர். "வாங்க, சொல்லுங்க, என்னா பாவம் செஞ்சீங்க?" என்று கேட்டார். யாழ்ப்பாணத் தமிழில் தயாரித்துக்கொண்டு போன பாவங்களெல்லாம் எனக்கு ஒருகணம் மறந்து போயின. எழும்பித் திரும்பினால், எனக்கு அடுத்தாளாக வரிசையில் அந்தோனிப்பிள்ளை நிற்கிறார். வெள்ளைக் கோட்டு, தங்கக் கரைக் கண்ணாடி. நான் அவரைப் படத்தில் பார்த்திருந்தேன்; அவரும் என்னை அப்படிப் பார்த்திருப்பார் போலும், தலையை ஒரு அங்குலம் அசைத்தார். முதல் படி ஏறிவிட்டேன் என்று எனக்குள் ஒரே புளுகம், தலைகால் புரியாத சந்தோஷம்.

இரவு தங்கியது கட்டுகஸ்தோட்டையில், மூன்று மைல் தள்ளி, என் பள்ளித் தோழன் சிவகுருவின் அறையில். கண்டி ஹோட்டல்காரர்கள் அந்த வாரம் விழி பிதுங்கும் வாடகை சொன்னார்கள். சிவகுரு சைவர், ஆகையால் காலையில் நன்றாகத் தூங்கினார். நான் மூன்றரைக்கு எழுந்து, வாய் கொப்பளிக்கும்போது ஒரு துளியும் உள்ளே போகாமல் அவ்வளவு கவனமாகத் துப்பி, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு பாலத்தடிக்குப் போனேன்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தேநீர்க்கடை திறந்திருந்தது. கடைக்காரர் அலவத்துகொடை முஸ்லிம், எல்லாரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுகிறார்கள். கடை வாசலில் நாற்பது பேர் குந்தியிருந்தார்கள், ஆணும் பெண்ணும். பன்வில பக்கத்துத் தோட்டத்தார். பூசைக்காகப் பன்னிரண்டு மைலுக்குமேல் இரவெல்லாம் நடந்து வந்தவர்கள், பாலத்தடியில் கால் ஆற்றிக்கொண்டிருந்தார்கள். கையில் செபமாலை, தலையில் சேலை. மகாவலியிலிருந்து குளிர்காற்று எலும்பு வரை வந்தது. அரை நிலவு இருந்தது.

"பஸ் எத்தனை மணிக்கு?" என்று நானாவைக் கேட்டேன்.

"நாலரைக்கு ஒண்டு ஈக்கி மாஸ்டர். பத்துச் சதம். கோயில் சனத்துக்காகவே இண்டைக்கு விடுறான். உக்காருங்க."

உட்கார்ந்தேன். நோட்டை எடுத்துப் பஸ் நேரத்தை எழுதினேன். பாலத்தின் நீளத்தைக் கண்ணால் அளந்தேன். மடியில் நோட்டு, வலது கையில் பென்சில். இடது கையில் சூடான ஒரு கோப்பை எப்போது வந்தது என்று தெரியாது. குளிருக்கு அது எவ்வளவு சுகம்! இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேநீர், கடிக்கக் கருப்பட்டித் துண்டு. குடித்துக்கொண்டே அதையும் எழுதினேன்.

முக்கால் கோப்பை முடிந்தபோது தலையை நிமிர்த்தினேன். நாற்பது பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையிலும் கோப்பை இல்லை. அப்போதுதான் உச்சியில் அடித்தது போல விளங்கியது.

"இவங்களுக்கு ஏன் தேநீர் கொடுக்கவில்லை?" என்றேன்.

"இவங்க பூசைக்கு மின்னுக்கு ஒண்டும் குடிக்கமாட்டாங்க தானே. வருஷா வருஷம் எனக்குத் தெரியும். திரும்பி வரக்கொள்ளதான் ரொட்டியும் தேத்தண்ணியும்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "அல்லாஹ்வே! நீங்களும் அந்த நோன்பா மாஸ்டர்? சொல்லீந்தா ஊத்தியிருக்க மாட்டேனே!"

கத்தோலிக்க வேதத்தில் பிறந்து, கத்தோலிக்கப் பள்ளியில் படித்து, பரிசாகச் செபப்புத்தகம் வாங்கினவன் நான். எங்கள் உபவாசம் ஒரு முஸ்லிம் கடைக்காரருக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியவில்லை. வெட்கத்தில் பஸ்ஸுக்குள் ஒரு மூலையில் ஒதுங்கினேன். தோட்டத்தார் பஸ்ஸில் ஏறவில்லை; மிச்சம் மூன்று மைலையும் நடந்தார்கள்.

ஐந்தரைக்குப் பூசை. கோயில், வாவியிலிருந்து பத்து நிமிஷ நடை. ஐந்து மணிக்குப் பிறகு போனால் உட்கார இடம் கிடைக்காது. இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். முன் வாங்குகளில், அதாவது பெஞ்சுகளில், தொப்பி வைத்த பறங்கிச் சீமாட்டிகள், அவர்களுக்குப் பின்னால் வெள்ளை முக்காட்டோடு சிங்களப் பெண்கள், பக்கத்தில் காஞ்சிபுரம் கட்டிய யாழ்ப்பாணத்து அம்மாமார், நடுவில் பாயில் தோட்டத்துப் பெண்கள். பூசைக்கு முன் பீடத்தின் கறுப்புத் திரை சடாரென விழுந்தது. கொடியேந்திய ஆண்டவர் சுரூபம் கயிற்றில் மெல்ல எழும்பியது. வெளியே சீனவெடி. சிங்களப் பாடகர் ஒரு பாட்டைத் தொடங்க, அது முடியுமுன் தமிழ்ப் பாடகர் தங்கள் பாட்டைத் தொடங்க, இரண்டையும் விடாமல் ஆர்மோனியக்காரர் வாசித்தார். லத்தீன் வந்த இடத்தில்தான் எல்லாரும் ஒரே குரலானார்கள். பிரசங்கம் மூன்று பாஷையில், ஒவ்வொன்றும் பத்து நிமிஷம். இதையெல்லாம் பார்க்கவே கொழும்பிலிருந்து வரலாம். எனக்கோ வயிற்றில் அந்த முக்கால் கோப்பைத் தேநீர் கல்லாகக் கிடந்தது.

நன்மை வாங்கும் நேரம் வந்தது. வாங்கு வாங்காக எழுந்து பீடத்துக்கு முன்னாலுள்ள கிராதிக்குப் போனார்கள். அந்தோனிப்பிள்ளை எனக்கு இரண்டு வாங்கு முன்னால். எழும்பும்போது திரும்பிப் பார்த்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போய்விடலாம் என்று நினைத்தேன். முழங்காலும் அரைவாசி எழும்பியது. கோப்பை நெற்றியில் ஒட்டியா இருக்கிறது? போகாவிட்டால் அவர் என்ன நினைப்பார் என்பது எனக்குத் தெரியும்: நேற்று நாலு மணிக்குப் பாவசங்கீர்த்தனம் செய்தவன், இன்று விடிய நன்மை வாங்கவில்லையென்றால் இடையில் இரவு எங்கே போனான்? கண்டியும் பெரிய பட்டணம் அல்லவா. ஆனால் தோட்டத்தார் வெறும் வயிற்றோடு, புழுதிக் காலோடு, பக்கவாட்டு வாசலால் வரிசையாகக் கிராதிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நாற்பது பேருக்கும் என் கோப்பை தெரியும். ஆண்டவருக்குப் பயந்தேனோ அவர்களுக்குப் பயந்தேனோ, இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

எட்டுப்பேர் வாங்கில் நானும் இன்னொருவருமே மிச்சம். அவர் நகரத்து வளையல் கடை முதலாளி, திருநீறு பூசியவர், திரை விழுவதைப் பார்க்க வருஷந்தோறும் வருவாராம். "நீங்களும் வேடிக்கை பார்க்கத்தான் வந்தீங்களா?" என்று அன்பாகக் கேட்டார். தலையாட்டினேன்.

பூசை முடிந்து கோயில் வளவில் ஒரே சந்தோஷம். சிங்களப் பெண்கள் புதுவருஷப் பலகாரத்தை நாற்பது நாள் தபசுகாலம் முடியட்டும் என்று மூன்று நாள் கட்டி வைத்திருந்தார்கள். கொக்கிசும் பணியாரமும் கைக்குக் கை போயின. அந்தோனிப்பிள்ளை மனைவியோடும் மகள் திரேசம்மாவோடும் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"வீட்டிலை இண்டைக்குக் கொஞ்சம் வசதியில்லைத் தம்பி. கடிதம் போடுறன்" என்றார்.

நான் என்ன சொல்வது? தேநீர் குடித்துவிட்டேன் என்றால் இவ்வளவு வசதியான சாட்டு வேறு கிடையாது என்றுதான் நினைப்பார். "ஓம்" என்று மட்டும் சொன்னேன். இருபத்தெட்டு வயதில் பள்ளிப்பையனைப் போல நின்றேன்.

அப்போது தோட்டத்தாரில் ஒருவர் என்னிடம் வந்தார். செபமாலை என்று பெயர், கறுத்து மெலிந்தவர். லயத்தில் நடக்க முடியாமல் தங்கியவர்களுக்காகக் கழுவிய சாராயப் போத்தலில் பாஸ்குத் தீர்த்தம் பிடித்து வைத்திருந்தார்.

"ஐயா, எங்களை மன்னிச்சுக்கங்க," என்றார். "கோப்பையை நீங்க எடுக்கறப்பவே சொல்லலாமுன்னு பார்த்தோம். தொரை மாதிரி உடுத்தியிருந்தீங்க. கோயிலுக்குப் போறவுகளா, வேற வேலையாப் போறவுகளான்னு தெரியல. வாயத் தொறக்கப் பயந்துட்டோம். ஒங்க நன்மை எங்களாலதான் போச்சு."

அந்தோனிப்பிள்ளை போகத் திரும்பியவர் நின்றார். "என்ன கோப்பை?"

"டீங்க. கட்டுகஸ்தோட்டைக் கடையில. நாங்க அத்தனை பேரும் பார்த்தோங்க. குடிச்சுக்கிட்டே புஸ்தகத்துல வேற எழுதினாரு."

அவர் கையை நீட்டினார். நோட்டைக் கொடுத்தேன். கண்ணாடியைச் சரிசெய்து, கோர்ட்டில் வாசிக்கும் குரலில் எல்லாருக்கும் கேட்க வாசித்தார்: "'நாலு பத்து. தேத்தண்ணி. இஞ்சி. கருப்பட்டி. மிகவும் நல்ல சூடு.'" 'மிகவும்' என்ற சொல்லின் கீழே நான் கோடு வேறு இழுத்திருந்தேன்.

"நீர் நன்மைக்குப் போயிருந்தா எனக்குத் தெரிஞ்சிராது" என்றார்.

"இவையளுக்குத் தெரியும்" என்றேன்.

அவர் செபமாலையையும் அந்த நாற்பது பேரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். தங்கக் கண்ணாடி மூக்கில் நிற்கவில்லை. "வாருங்கோ, இடியப்பம் ஆறப்போகுது" என்றார். செபமாலையின் கூட்டத்தையும் கூப்பிட்டார். அவர்கள் நானாவின் ரொட்டி காத்திருக்கிறது என்று சொல்லி நடந்தார்கள்.

சாப்பாட்டு மேசையில் நான் தலை நிமிரவில்லை. சொதி ஊற்றவந்த திரேசம்மா தகப்பனைப் பார்த்தபடி, ஆனால் எனக்குக் கேட்கவென்றே சொன்னாள்: "பாஸ்குக் கடன் தீர்க்க இன்னும் நாளிருக்கெல்லே ஐயா? வாற ஞாயிறும் விடியப் பூசை இருக்குது."

இனி, போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. வெள்ளிக்கிழமையே போங்கள். கம்பளி கொண்டுபோங்கள், சித்திரை வெயிலை நம்பி மலைநாட்டு விடியலை எடைபோடாதீர்கள். தங்கக் கட்டுகஸ்தோட்டை மலிவு. சாராயப் போத்தல் வேண்டாம், தீர்த்தத்துக்கு வேறு நல்ல போத்தல் எடுத்துப்போங்கள். நீங்கள் என்ன உடுப்பில் போனாலும், பக்கத்தில் குந்தியிருப்பவர்களோடு ஒரு வார்த்தை பேசிவிட்டு உட்காருங்கள். நான் "நீங்கள் எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டிருந்தால் போதும், அந்தக் கோப்பை என் கைக்கு வந்திராது.

அடுத்த ஞாயிறும் போனேன். இருளில் நான் வருவதைக் கண்ட நானா ஒரு கோப்பையை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தார். பூசை முடிந்து திரும்பும்போது அதை நிமிர்த்தித் தேநீர் ஊற்றித் தந்தார். அன்றுமுதல் எங்களுக்குள் அது வழக்கமாகிவிட்டது. இந்த வருஷம் உயிர்த்த ஞாயிறன்று பாலத்தடியில் நானும் திரேசம்மாவும் இறங்கியபோது, நானா இரண்டு கோப்பைகளைக் கவிழ்த்து வைத்தார்.