படகுக்குப் பேட்டரி கேட்ட வேலாயுதம் அண்ணன்

புதன்கிழமை பிற்பகல் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்துச் செல்லம்மாவுக்குப் பிள்ளை பிறந்துவிட்டதென்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சந்தோஷம் ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட நிலைக்கவில்லை. லொறிக்காரர் நனைந்தபடி ஓடி வந்தார். "மாஸ்டர், படகுல வேலாயுதண்ணன் எந்திரிக்க மாட்டேங்கிறாருங்க. ஒடம்பு சில்லுன்னு இருக்கு" என்றார்.

வேலாயுதம் அவர்கள் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், நாங்கள் ஸ்டோர் என்போமே அதில், எஞ்சின் ஓட்டியவர். அணை கட்டி எங்கள் பாதை தண்ணீருக்குள் போன பிறகு, நோயாளிகளை அக்கரை சேர்க்கத் தோட்டத்தார் வாங்கிய படகையும் அவரே ஓட்டினார். "எஞ்சின் தெரிஞ்ச மனுசனே புகையில செத்துட்டாரே, என்னா கவனக்கொறைவு" என்று இப்போது எங்கள் வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு பொய். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்த நாளிலிருந்து அவரைத் தெரியும். அவர் மனைவி பாக்கியம் அக்கா பத்துத் தரம் கூப்பிட்டாலும் அவர் காதில் விழாது. மேட்டு ஸ்டோரில் எஞ்சின் ஒருமுறை இருமினால் போதும், சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். "கட்டுனவ நான், குடித்தனம் அதுகூட" என்று அக்கா சொல்லிச் சிரிப்பார்.

படகுக்கு விளக்கு வேண்டியிருந்தது. மூடுபனியில் கரை தெரியாது. பிரசவ வலியோடு வருகிறவளை மருத்துவச்சி பார்க்கவும் வெளிச்சம் வேண்டும். இரண்டு லொறி பேட்டரியும், அதன் மின்சாரத்தை வீட்டு பல்பு எரிகிற மின்சாரமாக மாற்றித் தரும் பெட்டி ஒன்றும் போதும் என்றார் அண்ணன். மற்றவர்கள் பெட்ரோல் ஜெனரேட்டர்தான் வேண்டும் என்றார்கள். காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கூட்டம் போட்டோம்.

"பேட்டரிக்குச் சத்தமில்ல, பொகையில்லைங்க. சீக்காளி படுக்கிற எடத்துல எதுக்குங்க இன்னொரு எஞ்சினு?" என்றார் அண்ணன்.

"கொழுந்து இல்லாத மாசத்துல ஸ்டோரு ஓடாது. அப்ப எங்க கொண்டுபோயி சார்ஜ் பண்ணுவீங்க?" என்று கேட்டவன் நான். படகுக் கமிட்டிச் செயலாளர் நான்தான். கை தூக்கச் சொன்னேன். பேட்டரிக்கு அவருடைய ஒரு கை மட்டும் மேலே நின்றது. எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

ஜெனரேட்டர் வந்த அன்று சொன்னார்: "வாங்கிட்டீங்க, சரி. வெளிய வைங்க. உள்ள வச்சா, பொகை போக, மழைக்கு மூடுற படங்கு ஒரு பக்கமாச்சும் தொறந்தே கெடக்கணும்." வெளியே வைக்கத் தகரக் கூரை வேண்டும். தீபாவளி கழியட்டும் என்றோம். அது படகின் உள்ளேயே இருந்தது.

புதன்கிழமை அவருக்குக் காய்ச்சல். ஆனாலும் செல்லம்மாவை ஏற்றிக்கொண்டு வந்தார். அவளை லொறியில் ஏற்றிவிட்டு, விட்டுப்போன துணி மூட்டையை எடுக்க நான் படகுக்குத் திரும்பினேன். அண்ணன் பலகையில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார். ஈரத்தில் நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்று ஜெனரேட்டரை ஓடவிட்டிருந்தார். அவர் திறந்து வைத்திருந்த பக்கத்தால் மழையும் காற்றும் அடித்தன. அவர் உடம்பு நடுங்கியது.

நாங்கள் லயத்து ஆட்கள். கதவிடுக்கில் சாக்கைச் செருகி, சன்னலை அடைத்து, அடுப்புப் புகையோடு தூங்கிப் பழகியவர்கள். எங்களுக்குக் குளிர் ஒன்றுதான் எதிரி. அவர் சொன்னது எனக்கு நினைவுக்கே வரவில்லை. படங்கை இழுத்து மூடினேன். கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். என் கம்பளியை அவர்மேல் போர்த்தினேன். நல்ல காரியம் செய்த நிம்மதியோடு போய் லொறியில் ஏறிக்கொண்டேன்.

கட்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அடக்கம் முடிந்த பிறகு பாக்கியம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்க கம்பளிதாங்க மாஸ்டர் அவரு மேல இருந்துச்சு. கடைசி வரைக்கும் நீங்கதான் பாத்துக்கிட்டீங்க" என்று அழுதார். அப்போதும் நான் சொல்லவில்லை.

வேலாயுதம் அண்ணே, உங்களிடம் ஒரு கவனக்குறைவும் இல்லை. பாக்கியம் அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நாளைக் காலை அவர் முன்னால் உட்கார்ந்து நானே இதை வாசிக்க வேண்டும். நீங்கள் போய் வாருங்கள்.