பின்சுவரில் ஒரு கதவு

எங்கள் செராமிக் பட்டறைக்கு ஒரே வாசல். பொம்மைகளின் பிசிறைத் தேய்த்து எடுக்கும் பெண்கள் ஐந்து பேர் உள்கோடியில் உட்காருவார்கள். அவர்களுக்கும் வாசலுக்கும் நடுவில் சூளை. கட்டியவன் நான்தான், புத்தியில்லாமல் கட்டினேன். "பின்னாடி ஒரு கதவு வச்சுக் குடு தம்பி" என்று அவர்களில் மூத்தவரான கம்மாபுரத்து அக்கா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்.

அந்தச் சமயத்தில்தான் சட்டத்தை மாற்றினார்கள். கட்டட அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு அனுமதி எல்லாம் இனி சுலபம், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் விண்ணப்பிக்கலாம் என்று பேப்பரில் வந்தது. நானும் நம்பித் தொலைத்தேன். பின்கதவுக்கு அனுமதி வேண்டும் என்று பஞ்சாயத்து போர்டில் கேட்டால், "இப்ப அது எங்ககிட்ட இல்லீங்க, முனிசிபாலிட்டிக்குப் போயிடுச்சு" என்றார் எழுத்தர். முனிசிபாலிட்டியில், சூளை உள்ள கட்டடம் என்றால் முதலில் மாசுக் கட்டுப்பாட்டுக்காரர்களின் சான்று வேண்டும் என்றார்கள். அவர்களோ கட்டட அனுமதியைக் கொண்டு வா என்றார்கள். ஆளாளுக்குப் புதிய விதியை மொபைலில் திறந்து படித்துக் காட்டினார்கள். ஒருவர் படித்தது இன்னொருவர் படித்ததோடு ஒட்டவில்லை. ஒரு கதவுக்கு இத்தனை பாடா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் மாசுக் கட்டுப்பாட்டிலிருந்து புகையை அளக்க ஓர் அதிகாரி வர ஒப்புக்கொண்டார். வியாழக்கிழமை காலை சூளை எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்றார். நான்கு நாள் மழை. அச்சிலிருந்து எடுத்த பிள்ளையார் பொம்மைகள் இன்னும் காயவில்லை. ஈரச் சரக்கைச் சூளையில் ஏற்றினால் வெடிக்கும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். காலிச் சூளையை எரித்து விறகை வீணாக்க மனம் வரவில்லை. இந்த நாளை விட்டால் அடுத்து எப்போதோ என்ற எரிச்சலில் ஏற்றிவிட்டேன்.

"ஈரமா இருக்குது தம்பி" என்றார் அக்கா.

"தெரியும்க்கா, நீங்க போயி வேலையப் பாருங்க" என்றேன்.

பதினோரு மணிக்குப் பொம்மைகள் வெடிக்கத் தொடங்கின. சில்லுகள் விழுந்து புகைவழியை அடைத்துக்கொள்ள, புகை மொத்தமும் பட்டறைக்குள் திரும்பியது. நான்கு பேர் சூளையை ஒட்டியே ஓடி வெளியே வந்துவிட்டார்கள். அக்காவுக்கு முழங்கால் மடங்காது. ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போய் இழுத்து வந்தேன். மரத்தடியில் உட்கார்ந்து வெகுநேரம் இருமினார். அதிகாரி அன்று வரவேயில்லை, வேறெங்கோ மீட்டிங்காம்.

அன்று மாலையே கடப்பாரையை எடுத்துப் பின்சுவரை உடைத்தேன். மறுநாள் கதவு வைத்தேன். யாரையும் கேட்கவில்லை.

மாதக்கணக்கில் ஒரு காகிதத்துக்கு வழி சொல்லத் தெரியாத முனிசிபாலிட்டி ஆபீஸ், மூன்றே வாரத்தில் நோட்டீஸ் அனுப்பியது. அனுமதியில்லாத திறப்பு, பதினைந்து நாளில் செங்கல் வைத்து மூட வேண்டும். கொண்டுவந்த ஊழியர் பட்டறைக்குள் நின்று அதைச் சத்தமாகவே படித்தார்.

அக்கா கையிலிருந்த பொம்மையைக் கீழே வைத்தார்.

"மூடுறதுன்னா மூடிக்குங்க சார். எங்கள வெளிய வுட்டுட்டு மூடுங்க" என்றார்.